பிழைக் காசா, கள்ளக் காசா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு மாணவர் ஒரு ரூபாய்க் காசின் படத்தைப் போட்டிருந்தார். "சார், இதில் ஆண்டுக்குக் கீழே நட்சத்திரமும் இல்லை, புள்ளியும் இல்லை, டைமண்டும் இல்லை. பிழையாக அடித்த காசு, 2 லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஒருவர் போனில் சொல்கிறார். முதலில் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டுமாம். கட்டலாமா?" என்று கேட்டிருந்தார். "கட்டாதே" என்று உடனே பதில் போட்டுவிட்டேன். காரணத்தை இரண்டு வரியில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தப் பதிவு.

அவருக்கு வந்த மற்ற பதில்களும் வேடிக்கையாக இருந்தன. ஒருவர் "கள்ளக் காசு, தூக்கிப் போடு" என்றார். இன்னொருவர் "பத்திரமாக வை, லட்சாதிபதி ஆகிவிடுவாய்" என்றார். ஒரே காசுக்கு இரண்டு தீர்ப்பு! இதில் யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தக் குறை எங்கே, எந்தக் கட்டத்தில் வந்திருக்க முடியும்? அதற்குக் காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காசு பிறக்கும் விதம்

சென்னையில் மின்ட் தெருவைத் தங்கசாலைத் தெரு என்கிறோம் அல்லவா? கம்பெனி காலத்தில் அங்கே காசு அடித்தார்கள். இன்று நாட்டில் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய 4 இடங்களில் அரசின் நாணயச்சாலைகள் உள்ளன. எல்லா இடத்திலும் வேலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

உலோகத்தை உருக்கி, நீண்ட தகடாகத் தேய்க்கிறார்கள். சப்பாத்தி மாவைத் தேய்த்து டம்ளரால் வட்டம் வட்டமாக வெட்டி எடுப்பதுபோல, அந்தத் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். வில்லையைச் சூடாக்கி இளக்கி, உருட்டி, விளிம்பைச் சற்றே தடிக்க வைக்கிறார்கள். பிறகு அதை ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே ஓர் அடி. அந்த ஓர் அடியில் பூ, தலை இரண்டும் பதிந்துவிடும். வளையம் விளிம்புக்கு வடிவம் கொடுத்துவிடும்.

ஆகவே நாணயச்சாலையில் பிழை வர மூன்று இடங்கள்தான் உண்டு: வில்லை, அச்சு, அடி. பிழைக் காசு என்று யாராவது ஒன்றைக் காட்டினால், அதன் குறை இந்த மூன்றில் ஒன்றில் வந்து நிற்க வேண்டும்.

வில்லைப் பிழைக்கு ஓர் உதாரணம். மாவில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் டம்ளர் ஏறிவிட்டால் என்ன ஆகும்? பிறை போலக் கடிபட்ட ஒரு வட்டம் கிடைக்கும். காசிலும் அப்படித்தான். ஆனால் வீட்டில் அரத்தை வைத்துக் காசைப் பிறை போல ராவி எடுத்துவிட்டு "பிழைக் காசு" என்று விற்பவர்களும் உண்டு. எப்படிப் பிரித்து அறிவது? கடிபட்ட இடத்துக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். விளிம்பைத் தடிக்க வைக்கும் இயந்திரத்தில் வில்லை உருளும்போது, கடிபட்ட இடம் வரும் நேரத்தில் எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் சரியாகக் கிடைக்காது. அதனால் உண்மையான பிழைக் காசில் எதிர்ப்பக்க விளிம்பு பெரும்பாலும் மங்கிப் போயிருக்கும். அரத்தால் ராவிய காசில் எதிர்ப்பக்கம் ஒழுங்காக இருக்கும். ஏமாற்றுக்காரனுக்கு ராவிய பக்கம்தான் நினைவில் இருக்கும். எதிர்ப்பக்கம் நினைவுக்கு வராது.

அச்சில் பிழை இருந்தால் அந்த அச்சு அடித்த எல்லாக் காசிலும் அதே குறை வரும். 1955-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் ஓர் அச்சில் எழுத்துகள் இரண்டிரண்டாகப் பதிந்திருந்தன. கவனிப்பதற்குள் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒரு சென்ட் காசுகள் வெளியே போய்விட்டன.

அடியில் வரும் பிழை, காசு வளையத்தில் சரியாக உட்காராததால் வருவது. படம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் வெறுமையாக இருக்கும். வளையத்தின் பிடி இல்லாததால் உலோகம் வெளியே பரவிக் காசு சற்று அகலமாகவும் இருக்கும்.

"இரண்டு பக்கமும் தலை" உள்ள காசை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் வித்தை காட்டுபவர்களுக்காகச் செய்தது. ஒரு காசை உள்ளே குடைந்து, இன்னொரு காசைச் சீவி அதற்குள் பொருத்திவிடுவார்கள். விளிம்பை ஒட்டி உட்புறமாக மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி இரண்டு காசுகளின் கதையைச் சொல்கிறேன். இரண்டும் அமெரிக்கக் காசுகள், இரண்டும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தின் ஆண்டைத் தாங்கியவை. ஒன்று உண்மையான பிழை, மற்றொன்று சுத்தமான கள்ளம்.

முதல் கதை: 1943-இன் செம்புக் காசு

போர் வந்தால் முதலில் தட்டுப்பாடு வருவது உலோகத்துக்குத்தான். தோட்டா உறைக்கும் மின்கம்பிக்கும் செம்பு வேண்டும். அதனால் அமெரிக்க அரசு 1943-ஆம் ஆண்டு மட்டும் ஒரு சென்ட் காசைச் செம்புக் கலவையில் அடிப்பதை நிறுத்திவிட்டு, துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. அந்த ஓர் ஆண்டில் 3 நாணயச்சாலைகளிலும் சேர்த்து 100 கோடிக்கும் மேல் எஃகுக் காசுகள் வெளிவந்தன.

ஆனால் முந்தைய ஆண்டின் செம்புக் கலவை வில்லைகள் சில, வில்லைகளைக் கொண்டுசெல்லும் தொட்டிகளின் இடுக்கில் சிக்கிக் கிடந்தன. புது ஆண்டில் அவை கழன்று எஃகு வில்லைகளோடு கலந்து அச்சுக்குள் போயின. 1943 என்ற ஆண்டைத் தாங்கிய செம்புக் காசுகள் அப்படிப் பிறந்தன. இன்று உலகத்தில் இருப்பதாகத் தெரிந்தவை மிகச் சிலவே.

1947-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்பீல்டு ஊரில் 16 வயதுப் பள்ளி மாணவன் ஒருவனுக்குப் பள்ளி உணவகத்தில் கொடுத்த சில்லறையில் அப்படி ஒரு காசு கிடைத்தது. அந்தக் காசைக் கொண்டுவந்தால் ஃபோர்டு கம்பெனி புதுக் கார் கொடுக்கும் என்று ஒரு வதந்தி அப்போது உலவியது. அது பொய் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டான். அரசின் கருவூலத் துறையைக் கேட்டதற்கு, 1943-இல் செம்புக் காசே அடிக்கவில்லை என்று பதில் வந்தது. பையன் காசை விற்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. 70 ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தான். அவர் இறந்தபின் 2019-இல் அந்த ஒரு சென்ட் காசு 2 லட்சத்து 4 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணம் அவருடைய ஊர் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆசிரியனாக எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஒன்றுக்கு இத்தனை மதிப்பு என்றால் போலிக்குக் கேட்கவா வேண்டும்? எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசினார்கள். 1948 ஆண்டுக் காசில் 8-ஐச் சுரண்டி 3 ஆக்கினார்கள். முலாம் பூசிய காசைக் காந்தம் இழுத்துவிடும். செம்புக் காசை இழுக்காது. எஃகுக் காசின் எடை 2.7 கிராம், செம்புக் காசின் எடை 3.11 கிராம். தராசும் காட்டிக்கொடுத்துவிடும். 8-ஐச் சுரண்டிய காசில் காந்தமும் தராசும் பயன்படாது, ஏனென்றால் அது நிஜமான செம்புக் காசுதான். அங்கே எண்ணின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். 1943-இல் உள்ள 3-இன் வால் நீண்டு கீழே இறங்கும். 8-லிருந்து செய்த 3-க்கு அந்த வால் வராது.

இரண்டாம் கதை: ஒரு எழுத்தால் மாட்டிக்கொண்டவன்

அமெரிக்காவின் 5 சென்ட் காசை நிக்கல் என்றே அழைப்பார்கள். போருக்கு நிக்கல் உலோகமும் தேவைப்பட்டது. அதனால் 1942-இன் பிற்பகுதியிலிருந்து 1945 வரை அந்தக் காசில் நிக்கலே இல்லாமல் செம்பு 56, வெள்ளி 35, மாங்கனீசு 9 விழுக்காடு என்ற கலவையைப் பயன்படுத்தினார்கள். போர் முடிந்தபின் வெள்ளிக் காசுகளைப் பிரித்து எடுக்க வசதியாக, நாணயச்சாலையின் குறி எழுத்தைக் கட்டடப் படத்தின் குவிமாடத்துக்கு மேலே பெரிதாகப் போட்டார்கள். அதுவரை தன் காசில் எழுத்தே போடாத பிலடெல்பியாவும் அந்தக் காலத்தில் "பி" என்ற எழுத்தைப் போட்டது.

நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் லீராய் ஹென்னிங் என்பவன் 1950-களில் சொந்தமாக 5 சென்ட் காசு அடிக்கத் தொடங்கினான். 5 சென்ட்டைப் போய் யார் உற்றுப் பார்ப்பார்கள் என்பது அவன் கணக்கு. கணக்கு ஓரளவு பலித்தது. அவன் அடித்த காசுகளில் 1 லட்சத்துக்கும் மேல் புழக்கத்தில் கலந்தன என்பது மதிப்பீடு. அவன் போட்ட ஆண்டுகளில் 1944-உம் ஒன்று. முன்பக்கத்தில் 1944 என்று இருக்கிறது, பின்பக்கத்தில் குவிமாடத்துக்கு மேல் எழுத்து இல்லை. சாதாரண ஆண்டுகளின் காசைப் பார்த்துப் பின்பக்க அச்சைச் செய்துவிட்டான். போர்க்காலத்தில் மட்டும் அங்கே ஓர் எழுத்து இருந்தது என்பதை மறந்துவிட்டான்.

காசு சேகரிப்பவர்களின் கண்ணில் அது பட்டது. விசாரணை வந்தது. மாட்டிக்கொள்வோம் என்று பயந்து மிச்சக் காசுகளை மூட்டை மூட்டையாக ஆற்றில் கொட்டினான். கடைசியில் 3 ஆண்டு சிறையும் 5,000 டாலர் அபராதமும் கிடைத்தன.

இங்கேதான் நம் பாடம் இருக்கிறது. அந்த 1944 காசைப் பார்த்த ஒருவர், "எழுத்து விட்டுப்போயிருக்கிறது, நாணயச்சாலைப் பிழை, அதிர்ஷ்டம்!" என்று நினைத்திருக்கலாம் அல்லவா? அச்சில் எழுத்து விட்டுப்போவது நடக்கக்கூடியதுதான். ஆனால் எழுத்து விட்டுப்போனால் எழுத்து மட்டும்தானே விட்டுப்போக வேண்டும்? அந்தக் காசில் வெள்ளியும் இல்லை. சாதாரணச் செம்பு நிக்கல் கலவை. 5 கிராம் இருக்க வேண்டிய காசு சற்றுக் கனமாகவும் இருந்தது. அச்சிலும் குறை, உலோகத்திலும் குறை, எடையிலும் குறை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத குறைகள் ஒரே காசில் கூடியிருந்தால், நாணயச்சாலையின் மேல் பழி போடுவதற்கு முன் வேறு பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

1943 செம்புக் காசில் பாருங்கள். குறை ஒன்றே ஒன்று: வில்லை மாறிவிட்டது. அச்சு சரி, எழுத்து சரி, எடையும் செம்பு வில்லைக்கு உரிய எடை. குறை எந்த இடத்தில் வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

நம் ஊர்ப் போர்க்காலக் காசுகள்

அதே போர் நம் காசுகளையும் மாற்றியது. 1940-இல் ரூபாயின் வெள்ளி 12-இல் 11 பங்கிலிருந்து பாதியாகக் குறைந்தது. கள்ளக் காசு அடிப்பவர்களைத் தடுக்க, ரூபாயின் விளிம்பில் வரிகளோடு சேர்த்துப் பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பு வந்தது. 1943-இல் வந்ததுதான் ஓட்டைக் காலணா. உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டார்கள். கருவிகளுக்கு வாசராக அதைப் போட்டார்கள் என்று என் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஓட்டை இருப்பதாலேயே காலணா பிழை ஆகிவிடாது. அந்த ஓட்டையைச் சுற்றி எழுத்துகள் இடம் விட்டு அமைந்திருக்கும். ஆனால் தாலிக்கயிற்றிலோ குழந்தையின் அரைஞாணிலோ கோப்பதற்காகப் பின்னால் துளை போட்ட காசு நம் வீடுகளில் நிறைய உண்டு. அந்தத் துளை எழுத்தையும் முகத்தையும் அறுத்துக்கொண்டு போகும். ஓரத்தில் பிசிர் இருக்கும். அது பிழையும் இல்லை, கள்ளமும் இல்லை. ஒரு குடும்பத்தின் கதை. அவ்வளவுதான்.

இப்போது மளிகைக் கடை மாணவரின் காசுக்கு வருவோம். நம் காசுகளில் ஆண்டுக்குக் கீழே மும்பை டைமண்ட் போடும், ஐதராபாத் நட்சத்திரம் போடும், நொய்டா புள்ளி போடும். கொல்கத்தா எதுவுமே போடாது! ஆகவே அவர் கையில் இருப்பது கொல்கத்தாவில் பிறந்த ஒரு சாதாரண ஒரு ரூபாய். அதன் மதிப்பு ஒரு ரூபாய்.

குறி இல்லாதது கொல்கத்தாக் காசில் இயல்பு. போருக்கு முந்தைய பிலடெல்பியாக் காசிலும் இயல்பு. 1944 என்று போட்ட 5 சென்ட் காசில் அதுவே குற்றத்தின் சாட்சி. காசைத் தனியாக எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. எந்த ஆண்டு, எந்த ஊர், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டால்தான் தெரியும். வரலாறு எதற்குப் படிக்க வேண்டும் என்று 8-ஆம் வகுப்பில் என்னைக் கேட்டவர்களுக்கு இது ஒரு பதில்.

10 ரூபாய்க் காசின் பாவம்

இந்த விஷயம் தெரியாததால் நம் தமிழ்நாட்டில் அதிகம் அடிபட்டது 10 ரூபாய்க் காசு. 2016-இல் டெல்லிப் பக்கம் கள்ளக் காசு அடித்த இடத்தைக் காவல்துறை பிடித்தது உண்மை. அதை ஒட்டி "10 கதிர் இருந்தால் நல்லது, 15 கதிர் இருந்தால் கள்ளம்", "ரூபாய்க் குறி இல்லாதது செல்லாது" என்று வதந்திகள் பரவின. பேருந்தில் வாங்கவில்லை, கடையில் வாங்கவில்லை.

ரூபாய்க் குறி 2011-இல்தான் காசுகளில் வந்தது. அதற்கு முன் அடித்த 10 ரூபாயில் அது எப்படி இருக்கும்? கதிர்களின் எண்ணிக்கையும் வடிவமைப்புக்கு வடிவமைப்பு மாறியது. 14 வடிவமைப்புகளில் 10 ரூபாய்க் காசு வெளிவந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அதன் பிறகும் மறுத்தவர்கள் பலர். கீரை விற்கும் ஓர் அம்மாவின் சுருக்குப் பையில் அப்படி 20 காசு தங்கிவிட்டால் 200 ரூபாய் முடங்கிப் போகிறது. நல்ல காசைக் கள்ளம் என்று சொல்வதும் ஒருவர் வயிற்றில் அடிப்பதுதான்.

கையில் ஒரு வினோதக் காசு கிடைத்தால்

ஒன்று: அதே ஆண்டு, அதே வகைக் காசு இன்னொன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒப்பிடாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இரண்டு: நகைக்கடைத் தராசில் இரண்டையும் எடை போடுங்கள். உதாரணமாக, 10 ரூபாய்க் காசு 7.71 கிராம், குறுக்களவு 27 மில்லிமீட்டர். தேய்மானத்தால் சற்றுக் குறையலாம், கூடாது.

மூன்று: காந்தம் வையுங்கள். ஆனால் நம்முடைய எஃகுக் காசுகளைக் காந்தம் இழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இழுக்கிறதா என்பதைவிட, ஜோடிக் காசும் அதேபோல இழுக்கிறதா என்பதே கேள்வி.

நான்கு: பூதக்கண்ணாடியில் எழுத்துகளைப் பாருங்கள். வார்ப்பில் ஊற்றிய போலியில் எழுத்து மழுங்கி, நுண்ணிய குழிகள் தெரியும். விளிம்பில் இணைப்புக் கோடு இருக்கலாம். கூர்மையான எழுத்தின் மேல் கீறல், நசுக்கல் இருந்தால் அது காசு வெளியே வந்தபின் பட்ட அடி.

ஐந்து: தேய்க்காதீர்கள், புளி போட்டு விளக்காதீர்கள். உண்மையிலேயே அரிய காசாக இருந்தால் மதிப்பு அங்கேயே போய்விடும்.

கள்ளக் காசு என்று உறுதியாகத் தெரிந்தால் அதை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். தெரிந்தே தள்ளிவிடுவதும் சட்டப்படி குற்றம்.

கடைசியாக, பழைய காசை லட்சத்துக்கு வாங்குகிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. உங்கள் பொருளை வாங்க வருபவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். நீங்கள் அவருக்குத் தருவது எந்த ஊர் வியாபாரம்?

எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம். பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து உண்டியலைக் கொட்டுங்கள். நட்சத்திரம், புள்ளி, டைமண்ட், குறியில்லாதது என்று நான்கு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எந்த ஊர்க் காசு அதிகம் என்று கீழே எழுதுங்கள். மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்